சாரி, மச்சான்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. டயர் கடையில் என் வண்டிக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் போனில், "சாரி மச்சான்... சாரிடா" என்று விடாமல் சொன்னார். எதிர்முனை பட்டென்று வைத்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகக் கட்டியது.

2

'விதி அன்று ஜாக்கியின் உருவத்தில்—'

(அடித்துவிட்டேன். வண்டியைத் தூக்கும் ஜாக்கி ஜாக்கியாகவே இருக்கட்டும்.)

கடைக்காரரும் அவர் மனைவியின் அண்ணனும் கூட்டாக நடத்தும் கடை. சக்கரம் உருளாமல் கட்டை வைக்க வேண்டியவர் கடைக்காரர். மறந்துவிட்டார். வண்டி உருண்டது, ஜாக்கி சாய்ந்தது, மச்சானுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் சாரி, வாசலில் சாரி, போனில் சாரி. மச்சான் கடைப்பக்கமே தலைகாட்டவில்லை.

3

இந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. அகராதியைப் புரட்டினேன். 'சாரி' பிறந்தது 'சோர்' (sore) என்ற ஆங்கிலச் சொல்லின் வீட்டில். அதாவது புண், வலி. துக்கத்தைச் சொல்லும் 'சாரோ' (sorrow) அதற்குப் பங்காளி மாதிரித் தெரியும். பக்கத்து வீடுதான், ரத்த உறவில்லை. 'சாரி' என்றால் முதலில் மனம் வலித்தவன். மன்னிப்பெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

(இதை யார் வாயில் வைப்பது? டாக்டர் வாயில் வைத்துப் பார்த்தேன், பாடம் நடத்தினார். அனுப்பிவிட்டேன். கதையில் இது யாருக்கும் தெரியாது.)

4

கடைக்காரரின் மனைவிதான் பொறுமை இழந்தாள்.

"நேர்ல போய்ப் பாருங்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. கேட்டுக் கேட்டு எனக்கே காது புளிச்சுப் போச்சு."

"வேற என்னத்தச் சொல்றது?"

"அது உங்க பாடு."

போனார். மச்சான் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் வாய்வரை வந்ததை விழுங்கினார். பார்வை கட்டுப் போட்ட கையைவிட்டு நகரவில்லை.

"ரொம்ப வலிக்குதாடா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" மச்சானின் குரல் உடைந்தது. "போன விரல்ல அரிக்குதுடா. சொறியப் போனா அங்க ஒண்ணுமில்ல. இத நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

5

இருவரும் சேர்ந்து கடை திறப்பதாக முடித்துப் பார்த்தேன். விரலே போகாத மாதிரி ஆகிவிட்டது. மச்சான் தனிக்கடை போடுவதாக எழுதினேன். அவசரப்பட்டது நான்தான், அவரல்ல.

முடிவு உங்கள் கையில். ஆனால் இப்போதே வேண்டாம். மச்சான் இன்னும் பேசி முடிக்கவில்லை, கடைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.