கிரீஷ் வளர்த்த நொச்சி

மயிலாப்பூர் ஃபிளாட்டின் பால்கனியில், மூன்று தொட்டிகளில் மூன்று ரகக் கஞ்சாவை விதை போட்டு முளைக்க வைத்தான் கிரீஷ். விரல் விரலாக விரிந்த இலையைப் பார்த்து அம்மா சூடாமணி என்ன செடி என்று கேட்டபோது, நொச்சி என்று சொல்லித் தொலைத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி.

முதல் தொட்டியில் வந்தது ஆண் செடி. போதைப் பூ விடாத, எதற்கும் லாயக்கில்லாத அதைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டான். இரண்டாவதை, அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளில் சளி பிடித்த மாமிகளெல்லாம் ஆவி பிடிக்கவென்று பறித்துப் பறித்தே மொட்டையடித்தார்கள். தடுக்கவும் வழியில்லை. நொச்சியைப் போய் எவன் பூட்டி வைப்பான்?

மூன்றாவது மட்டும் தப்பிப் பூத்தது. அறுவடை செய்யலாமென்று ஆபீஸிலிருந்து ஓடி வந்தால், பால்கனி காலி.

"அம்மா, தொட்டி எங்கே?"

"கீழாத்துல ஒரே கொசுவாம்டா. நொச்சி இருந்தா அண்டாதேன்னு குடுத்துட்டேன்."

"யாராத்துல?"

"புதுசா குடிவந்திருக்காரே, போலீஸ் இன்ஸ்பெக்டர். மோந்து பார்த்துட்டு அசந்து போயிட்டார். யார் வளர்த்ததுன்னு கேட்டார். எம்பிள்ளைதான்னு பெருமையா சொன்னேன். உன்னைப் பார்க்கணும்னு மேல வந்துண்டிருக்கார், சட்டையை மாத்திக்கோ."