தாலாயின் முதுகில் ஒட்டிய உப்புத்தாள்

புருல்ச்சாவின் அண்ணன் பிள்ளைக்குத் தொட்டில் விழா நண்பகலில். விருந்தாளிகள் காலையிலேயே வந்து குவிந்துவிட்டார்கள். முற்றத்து அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டில் மட்டும் இன்னும் பட்டறையை விட்டு வரவில்லை.

கொச்கோர் ஊரில் அவள் செய்யாத தொட்டில் இல்லை. ஊருக்கெல்லாம் சொன்ன நாளில் கொடுத்தவள், சொந்த மருமகனின் தொட்டிலில் கடைசி நேரத்தில் மாட்டிக்கொண்டாள். தொட்டில் ஆடும் வளைந்த அடிக்கட்டைகள் இரண்டையும் தேய்க்க வேண்டும். சாண்டர் மெஷினின் இரும்புத் தட்டில் ஒட்டியிருந்த உப்புத்தாளோ வழுக்கைத் தலையாகத் தேய்ந்து கிடந்தது. கட்டையை வைத்தால் புகைதான் வந்தது.

புது உப்புத்தாள் வட்டுகளோடு தாலாய் வந்து சேர்ந்தான். சந்தையில் ஆணி, திருகு விற்கிற கடைக்காரன். அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஒரு திருகு கேட்டாலும் ஆளனுப்பாமல் தானே கொண்டுவருவான். வந்து, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவான். அன்றைக்கு விழா என்பதால் புது வெல்வெட் கோட்டு வேறு.

"ரெண்டு வட்டு கொண்டாந்திருக்கேன். ஒண்ணு வீணாப் போனாலும் ஒண்ணு இருக்கும்" என்றான்.

"வாயக் கழுவு! முதல்ல பழசக் கழட்டணும், வா."

புருல்ச்சா பிளக்கைப் பிடுங்கினாள். கத்தி முனையால் பழைய தாளின் ஓரத்தை நெம்பினாள். நகம் அளவுக்குக் கிழிந்து வந்தது. மறுபடி நெம்பினாள், மறுபடி நகம் அளவு.

"இப்படிக் கிழிச்சா உன் மருமகன் கல்யாணத்துக்குத்தான் தொட்டில் வரும். சூடு காட்டு, பசை இளகும்."

அவள் வீட்டுக்குள் ஓடினாள். அண்ணி அசில்கான் கண்ணாடி முன் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த ஹேர் டிரையரைப் பறித்துக்கொண்டு புருல்ச்சா திரும்ப ஓடினாள்.

"அடியே! பாதித் தலை ஈரமா இருக்குடி!"

"மீதிப் பாதியக் காட்டிப் போட்டோ எடுத்துக்கோ அண்ணி!"

சூடான காற்று பட்டதும் தாள் மெல்ல நெகிழ்ந்தது. தாலாய் குறட்டால் ஓரத்தைக் கவ்வினான். புருல்ச்சா அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். தாள் சர்ரென்று உரிந்து கையோடு வர, இருவரும் மரத்தூள் குவியலில் மல்லாந்து விழுந்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தார்கள்; சிரிப்பு விடவில்லை. அவன் மீசையெல்லாம் மரத்தூள். அதைப் பார்த்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

இரும்புத் தட்டில் மிஞ்சிய பசையைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தெடுத்தாள். புது வட்டின் முதுகுக் காகிதத்தை உரித்து, பசைப் பக்கம் முன்னால் இருக்கும்படி நீட்டிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு விக்கல். தடுமாறி முன்னே போனாள். கீழே குனிந்து துணியை எடுத்துவிட்டு நிமிர்ந்த தாலாயின் முதுகில் வட்டு பச்சக்கென்று உட்கார்ந்தது.

இழுத்தாள். கோட்டும் சேர்ந்து வந்தது.

"வராது. நம்ம கடைச் சரக்கு அப்படி" என்றான் அவன், பெருமையோடு.

"கோட்டக் கழட்டேன்."

"உள்ள பனியன்ல மூணு ஓட்டை."

இரண்டாவது வட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். ஒரு ஓரத்தில் தொடங்கி, உள்ளங்கையால் நடுவுக்குத் தள்ளித் தள்ளி, குமிழ் இல்லாமல் அழுத்தினாள். பிளக்கைச் செருகி, எட்ட நின்று வெறுமனே ஓடவிட்டாள். வட்டு அசையாமல் சுற்றியது. பிறகு கட்டைகள் வெண்ணெய் மாதிரி வழவழத்தன. கட்டைகளைத் தொட்டிலில் பூட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தொட்டிலைக் கண்டதும் முற்றமே ஆர்ப்பரித்தது. குதிரைக்கார மம்பெத்தாலி பெரியப்பா, "அடடா, தாலாய்!" என்று முதுகில் ஓங்கி அறைந்தார். அறைந்த கையை உதறிக்கொண்டு குதித்தார்.

"என்னடா இது, முள்ளம்பன்றிக்குப் பொறந்தவனே!"

விஷயம் தெரிந்ததும் வரிசையே நின்றுவிட்டது. ஒரு கிழவி அவன் முதுகில் நகத்தைத் தேய்த்துப் பார்த்து, "நல்லா இருக்கு, அசையாம நில்லு தம்பி" என்றாள். சமையல்காரர் கத்தியோடு வந்துவிட்டார். தாலாய் காது சிவக்க, பெண்களுக்கு முதுகையும் சமையல்காரருக்கு முகத்தையும் காட்டிச் சுழன்றான். அந்தச் சுழற்சிக்கு யாரோ கைதட்ட, அது ஆட்டமாகவே ஆகிவிட்டது. புருல்ச்சா சிரித்துச் சிரித்து அண்ணியின் ஈரத்தலையில் சாய்ந்தாள்.

"இவன் எப்பத்தான்டி வாயத் திறப்பான்?" என்றாள் அசில்கான் காதுக்குள்.

"திறக்கமாட்டான் அண்ணி. வானிலையத்தான் சொல்லுவான்."

சொல்லி முடித்ததும் புருல்ச்சாவுக்கு உடம்பெல்லாம் காற்றடைத்த மாதிரி லேசாகிவிட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவன் முன்னால் நின்றாள்.

"ஏய் தாலாய், என்னக் கட்டிக்கிறியா?"

குதிரைப் பால் குமிஸை ஊற்றிக்கொண்டிருந்தவர் கிண்ணம் வழிவதைக்கூடப் பார்க்கவில்லை. தாலாய் வானத்தை ஒருமுறை பார்த்தான்.

"இப்பவேவா? ஒரு சட்ட மாத்திக்கிட்டு வந்துடட்டுமா?"

"கேட்டாளே கேள்வி, மாப்பிள்ளைக்குச் சட்ட கொண்டாங்கடா!" என்று கத்தினார் பெரியப்பா. நாலு பேர் தாலாயைத் தலைக்குமேல் தூக்கினார்கள். முதுகைப் பிடித்த இரண்டு பேர் அலறிக்கொண்டு கையை விட, அவன் நேராக பூர்சோக் பணியாரக் குவியலில் போய் விழுந்தான். புருல்ச்சா அவனைத் தூக்கிவிடப் போய், தானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் சிதறியதில் ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.