உட்கார முடியாத தையல்காரர்

மிஷினுக்கு அடியில் செங்கல் அடுக்கி, நின்றுகொண்டே தைக்கப் பழகியிருந்தார் தையல்காரர். பார்ப்பவர்களுக்கு, சைக்கிளில் ஏறப்போய் மனம் மாறி நின்றவரைப் போலத் தெரிந்தார். கட்டி வந்திருந்த இடம் அப்படி. யாரிடமும் காட்ட முடியாது, யாரும் கேட்காமலும் இல்லை. இரண்டு தடவை மாத்திரை மாற்றியும் அது அசையவில்லை. பள்ளி திறப்பதற்குள் தைத்துக் கொடுக்க வேண்டிய சீருடைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. இப்போது காய்ச்சல் வேறு.

"சீழைச் சோதிச்சுப் பாத்தாச்சு," என்றார் டாக்டரம்மா. "நாம கொடுத்த மருந்தையெல்லாம் இந்தக் கிருமி மிட்டாய் மாதிரி சாப்பிடுது. ஒரே ஒரு மருந்துக்குத்தான் அடங்கும். வீட்டுப் பக்கம் கோழிப்பண்ணை ஏதாவது?"

"கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தாங்க. தங்கச்சி புருஷனோடது. ஆனா நான் முட்டைகூடத் தொடமாட்டேன்."

"நீங்க தொடாட்டி என்ன, ஈ தொடுமே. அங்கிருந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நல்லா இருக்கற கோழிக்கும் தினம் மருந்து கலந்தா, அதுக்குச் சாகாத கிருமிதான் மிஞ்சும். நிறுத்தச் சொல்லுங்க."

சொல்வது சுலபம். தங்கையைக் கட்டிக் கொடுத்த வீட்டில் போய், உன் கோழியால் எனக்கு இந்த இடத்தில் கட்டி என்று எந்த வாயால் சொல்வது? கட்டிக்கு மிச்சமிருந்த அந்த ஒரே மருந்தின் பெயர் ஒரு முழ நீளம் இருந்தது. மறக்காமலிருக்க வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை கொட்டகை வாசலில் தண்ணீர் டிரம்மைக் கோலால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். உக்காருங்க."

"கிண்டலா?"

"ஐயோ, மறந்துட்டேன். நில்லுங்க, நில்லுங்க."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் கொட்டிவிட்டார். மாப்பிள்ளை கோபப்படவில்லை.

"அந்த மருந்தையா சொல்றீங்க? அதை நிறுத்தி ஒரு வாரமாச்சே! கோழிச் சீக்கு அதுக்குக் கேக்கவே இல்ல. எவ்வளவு ஊத்தினாலும் கோழி சுருண்டு விழுந்துச்சு."

தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தங்கையை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம்.

"உங்களுக்கு இப்ப என்ன மருந்து எழுதியிருக்காங்க?"

முழ நீளப் பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"அட, அதுவா? எதுக்கு மச்சான் கடை கடையா அலையறீங்க? என்கிட்ட மூட்டையாவே இருக்கு. பழசுக்குப் பதிலா இதைத்தான் கலக்கறேன். ஜோரா வேலை செய்யுது."

டிரம்மிலிருந்து தண்ணீர் குழாய் வழியே இறங்கியது. கொட்டகை நெடுகக் கோழிகள் குனிந்து ஒரு வாய் அள்ளின. எல்லாம் சேர்ந்தாற்போல் அலகை வானத்துக்கு உயர்த்தி, கண்ணை மூடி, நிதானமாக விழுங்கின.