அடுப்படி வழியே ஏழாம் பாதை

எங்கள் வீட்டுக்குள் போகிற பாதையை எடுத்துவிடுங்கள் என்று மஞ்சக்கையின் மகள் ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குப் பாதை அலுவலகத்தில் போய்க் கேட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அப்பாவும் அம்மாவும் சொல்லி வளர்த்த ஒன்று அது. உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டாள். ஏழாம் பாதை பாலத்தடியில் ஆரம்பித்து, ஆற்றை ஒட்டிக் கொஞ்ச தூரம் வந்து, அவர்கள் வீட்டு முன்கதவில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்படி வழியாகப் பின்கதவில் இறங்கிக் காட்டுக்குள் ஏறி, உச்சிப் பாறையில் முடிகிறது. மொத்தம் பதினோரு கிலோமீட்டர். அதில் ஒன்பது மீட்டர் வீடு.

பள்ளத்தாக்கில் இப்படி ஒன்பது பாதைகள் இருக்கின்றன. நடப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் முதுகில் பையோடு வருவார்கள். அவர்கள் வழி தவறாமலிருக்க மரத்திலும் பாறையிலும் மஞ்சள் பட்டை அடிப்பதுதான் அவள் அப்பாவின் வேலை. நகக்கண்ணில் ஏறிய சாயம் கல்யாணத்தன்றும் போகவில்லை என்பதால் மஞ்சக்கை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான். பாதை போகிற இடத்தில் மட்டும் பட்டை அடிக்க வேண்டும். விளையாட்டுக்குக்கூட வேறு எங்கும் அடிக்கக் கூடாது. மகளுக்கு நாலு வயதிருக்கும்போது பாலத்திலிருந்து வீட்டுக்கு வரத் தெரியாமல் ஒருநாள் முழுக்க அவள் காணாமல் போனாள். சாயங்காலம் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தவளைத் தூக்கி வந்தார்கள். மறுநாள் மஞ்சக்கை பாலத்திலிருந்து வீட்டு நிலைக்கதவு வரைக்கும், குழந்தையின் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில், இருபத்தாறு பட்டைகள் அடித்தார். விதி தெரியாதவர் இல்லை. பெற்றவனுக்கு விதி கொஞ்சம் மறந்துபோகும், அவ்வளவுதான்.

அதற்கடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அடுப்பு முன்னால் நின்ற அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக இறங்கிப் போனார்கள். ஒரு வாரத்தில் கூடத்துச் சிமெண்டு மிதிபட்ட மண்ணாகிவிட்டது. கூரை இருந்தும் இலை உதிர்ந்தது. கட்டிலுக்கடியில் பெரணி முளைத்தது. மழைக்காலத்தில் அடுப்படியில் கணுக்கால் அளவு ஓடை ஓட, மஞ்சக்கை தாண்டிப் போக மூன்று கல் போட்டுக் கொடுத்தார். ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. தபால்காரர் மட்டும், சுற்றிப் போகாமல் நேராகப் போக முடிகிறது, சௌகரியம்தான் என்றார். கூடத்தில் உட்கார்ந்து கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள், சண்டை போட்டு அம்மாவிடம் பஞ்சாயத்துக்கு நின்ற புதுத் தம்பதி, அடுப்பில் கொதிக்கிறதை எட்டிப் பார்த்து உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் என்று இருபது வருடத்தில் வீட்டைக் கடந்தவர்கள் எண்பதாயிரத்துக்குக் குறையாது. அந்த இருபது வருடத்தில் மகள் வீட்டில் இருந்த காலம் முழுக்க அந்த வீட்டுக் கதவுகள் தாழ்ப்பாள் போடப்படவில்லை. பாதையை மூட வேண்டுமென்றால் முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

இதெல்லாம் மகளுக்குப் பழக்கம்தான். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. வெளியூரில் விடுதியில் தங்கி மூன்று வருடம் படித்து, திரும்பி வந்து, ஆற்று நீர்மட்டம் அளக்கும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தினம் காலையில் எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது, இரண்டு மாதத்துக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் கட்டாயம் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தூங்குவதற்கு ஏழாம் பாதையில்தான் கட்டில் கிடந்தது. நடப்பவர்கள் நல்லவர்கள், உஷ் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நுனிக்காலில் கடந்தார்கள். அம்மா ஒவ்வொரு உஷ்ஷுக்கும் கண் விழித்தாள். ஒருநாள் மகள் சீக்கிரம் வீடு திரும்பியபோது, முன்பின் தெரியாத ஓர் ஆள் குனிந்து அம்மாவின் காலுக்குப் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பதமாகத்தான் செய்தார். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எட்டி உதைத்திருந்தாலாவது அடித்துத் துரத்தியிருப்பாள். பெற்ற தாய்க்குப் போர்த்திவிடுகிறவனை என்ன செய்வது?

பாதை அலுவலகத்தில் வரைபடம் போடுகிற அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"உக்காரும்மா."

"உக்கார வரல. பாதையை எப்ப எடுப்பீங்க?"

"எங்களால எடுக்க முடியாது."

"ஏன்? எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க. நான் படிக்கத் தெரிஞ்சவதான்."

"சட்டம் இல்ல தாயி. படம் இருக்கு. பாக்குறியா?"

இழுப்பறையிலிருந்து இருபது வருடத்துப் படங்கள் வந்தன. ஏழாம் பாதை மற்ற எட்டைப் போல ஒரே கோடாக இல்லை. அவளுக்குப் பத்து வயதில் அம்மை போட்டுச் சித்தி வீட்டில் பதினெட்டு நாள் கிடந்தபோது, கோடு வீட்டை விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து சித்தி வீட்டுப் பின்கட்டு வழியாக வளைந்து போயிருந்தது. படித்த மூன்று வருடமும் அது மலையைத் தாண்டி, நூற்று நாற்பது கிலோமீட்டர் போய், ஒரு பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தைத் தொட்டுவிட்டு, திரும்ப அதே நூற்று நாற்பது கிலோமீட்டர் வந்து உச்சிப் பாறைக்கு ஏறியது. அந்த வருடங்களில் ஏழாம் பாதையை நடந்து முடித்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். ஒவ்வொரு படத்தோடும் பாதை மாறியதற்கான திருத்தச் சீட்டு குத்தியிருந்தது. எல்லாம் அப்பாவின் கோணல் எழுத்து. காரணம் என்ற கட்டத்தில் எல்லாச் சீட்டிலும் ஒரே வரி: மகள் அங்கே இருக்கிறாள்.

விடுதித் தாழ்வாரத்தில் ஈரப் பூட்ஸ் தடம் கிடந்ததும், வாரத்துக்கு ஒருத்தராவது அறைக் கதவைத் தட்டி உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டதும், கூடத் தங்கியவள் காப்பாளரிடம் புகார் கொடுத்ததும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதை அவள் கவனிக்கவே இல்லை. வீடு என்றால் நடுவில் ஆள் நடப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். வேறு மாதிரி வீட்டில் அவள் வளரவில்லையே.

வீட்டுக்கு வந்தபோது அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா மூலையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷம் நான் இல்லாதப்போ நல்லாத் தூங்கினியாம்மா?"

அம்மாவின் கத்தி நின்றது. யார் சொன்னது என்று கேட்கவில்லை. "எங்கடி தூக்கம்? உன்னை நெனச்சுக்கிட்டு ஒரு பொட்டுக் கண்ணு மூடல."

"குறட்டைல ஓடு ஆடுச்சு," என்றார் அப்பா, தூரிகையைப் பார்த்து.

"நீங்க செத்த சும்மா இருங்க!" என்ற அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆமாடி. தாழ்ப்பாளைப் போட்டேன், படுத்தேன், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். எந்திரிச்சதும் அழுதேன். ரெண்டும் நெசம்தான், போ."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மூட்டையைக் கட்டிருவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

அந்நேரம் பை சுமந்த ஓர் ஆள் உள்ளே வந்து, உச்சிக்கு இப்படித்தானா என்றார். மூன்று பேரும் அவரைப் பார்க்காமலே பின்கதவைக் கைகாட்டினார்கள்.

அதற்குப் பிறகு மகள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா, விட்டுவிட்டாள் என்று நினைத்தாள். அப்பா அப்படி நினைக்கவில்லை. மகள் வேலை முடிந்ததும் ஆற்றின் அக்கரையில் வீடு பார்த்தாள். தரகர் காட்டிய ஏழு இடத்திலும் அவள் கேட்டது ஒன்றுதான்: இரண்டு வாசல் இருக்கிறதா, நேருக்கு நேர் இருக்கிறதா? காற்று வரவா என்று தரகர் கேட்டார். ஆள் வர என்றாள். கடைசியில் நீர்மட்ட அலுவலகத்துக்குச் சொந்தமான பழைய படகுக் கொட்டகை கிடைத்தது. ஒரு கதவு சாலைக்கு, ஒரு கதவு ஆற்றுக்கு. கட்டிலைப் பாதையில் போடாமல் ஓரமாகப் போட ஒரு தடுப்பும் இருந்தது. இத்தனை வருடத்தில் தன் அப்பனுக்கு ஒரு தடுப்பு வைக்கத் தோன்றவில்லையே என்று எரிச்சல்பட்டாள். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை வந்து போகலாம். அவள் ராத்திரி எங்கே தூங்கப் போகிறாள் என்பதைத்தான் பாதை பார்க்கும் என்று வரைபட அம்மாள் விளக்கியிருந்தாள்.

சாவி வாங்கி இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டில் சொன்னாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவள் துணிகளை மடித்துக் கொடுத்தாள். மடிக்கும்போது வயிறு இழுத்ததை மறைத்தாள், மகள் பார்த்துவிட்டாள்.

"இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போயேண்டி. எனக்கு ஒடம்பு தேறட்டும்."

"நான் இருந்தா எப்படிம்மா தேறும்?"

மடித்த சட்டையை அம்மா மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "ஆத்தோரம். பூச்சி பொட்டு வரும். கதவைச் சாத்தவும் முடியாது உன்னால."

"எனக்கு எதுக்குச் சாத்தணும்? நான் திங்கறப்பவும் தூங்கறப்பவும் எவன் வந்தாலும் கவலைப்படறவ இல்ல. நீதான் பழகல." பிறகு குரலை இறக்கி, "மத்தியானம் ரெண்டு மணி நேரம்மா. குறைக்காத," என்றாள்.

அப்பா பெட்டியை வாசல்வரை கொண்டுவந்து வைத்தார். அவள் தலையில் ஒட்டியிருந்த ஓர் இலையை எடுத்துவிட்டு உள்ளே போனார்.

மணி பதினொன்றரை. எதிரே நடைக்காரர்கள் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். மூவரும் வீட்டு வாசலைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் திரும்பி அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது, அவள் நிற்கவில்லை. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெட்டியைப் பிடிக்கட்டுமா என்று ஒருவர் கேட்டார். கனமாகத்தான் இருந்தது. கொடுத்தாள்.