நான்கு வலது திருப்பங்கள்

"அந்தப் புளியமரத்துக்கிட்ட இடது பக்கம் திருப்புங்கம்மா" என்றார் மோட்டார் இன்ஸ்பெக்டர்.

கோதைநாயகி ஸ்டீயரிங்கின் மேலிருந்த தன் கைகளைப் பார்த்தாள். இடது கை எது என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது எப்படி என்பதுதான் தெரியவில்லை. நாலு மாதமாகத் தினமும் ஓட்டுகிறாள். ஒரு தடவைகூட இடது பக்கம் திருப்பியதில்லை என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கே தெரிந்தது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி, ஓர் அங்குலம்கூடப் பின்னால் நழுவாமல் கிளப்பிக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். சிந்தாமணிப் பக்கம் பாலம் இறங்குகிற இடத்தில் அவள் கணவர் டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் நின்றிருந்தார். பாலக்கரையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஜமால் அவர் முழங்கையைப் பிடித்திருந்தான். பார்க்கிறவர்களுக்கு இரண்டு சிநேகிதர்கள் பேசிக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும்.

டாக்டருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக ஓரங்கள் இருண்டு, இப்போது நடுவில் ஒரு காலணா அகலம்தான் மிச்சம். மதராஸ் பெரிய டாக்டரும் கையை விரித்துவிட்டார். வீட்டாரையும் ஜமாலையும் தவிர யாருக்கும் தெரியாது. பழைய டிரைவர் மலாயாவுக்குக் கப்பலேறிய பிறகு புது ஆளை வைக்க டாக்டர் ஒப்பவில்லை. ஒரே வாரத்தில் ஊரெல்லாம் தெரிந்துவிடும். கண் தெரியாத டாக்டரிடம் யார் வருவார்கள்?

கோதை ஓட்டினால் அந்தக் கவலை இல்லை. லால்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் அவரை அழைத்துப் போகலாம். நாடியும் நெஞ்சுச் சத்தமும் அவர் பார்த்துக்கொள்வார். நாக்கு என்ன நிறம், கண் மஞ்சளாக இருக்கிறதா என்று அவள் பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னால் போதும்.

வண்டி டாக்டரின் தம்பி சக்ரபாணியின் பெயரில் இருந்தது. அவன் மதராஸிலிருந்து நேற்றே வந்துவிட்டான். "மன்னி லைசென்ஸ் வாங்கிட்டா வண்டி இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்குக் காலம்பற நான் ஓட்டிண்டு போயிடறேன். கொட்டகைல துருப்பிடிக்கவா வெச்சிருக்கு?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை.

வீட்டுப் பெண் மோட்டார் ஓட்டுவதா என்று முதலில் மாமியார் ரங்கம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். "சித்திரை வீதியை விட்டுத் தாண்டப்படாது. பெருமாளைச் சுத்தற வண்டி. அப்பிரதட்சிணமா ஒரு சக்கரம் திரும்பப்படாது. சம்மதமா?"

சம்மதம்தான். விடியற்காலையில் ஜமால் வந்து, ஹாண்டில் போட்டுக் கிளப்பி, வண்டியை வீதியில் நிறுத்தித் தருவான். சுற்றி முடித்ததும் அவனே கொட்டகையில் விடுவான். கோயிலுக்கு வலமாக நான்கு வீதி, நான்கு மூலை. வாசலில் உட்கார்ந்து ரங்கம்மா எத்தனை சுற்று என்று விரல் விட்டு எண்ணுவாள். "இன்னிக்குப் பதினொண்ணுடீ. இந்தக் கால்வலிக்கு நான் நடந்து பண்ண முடியுமோ? என் பேர்ல சங்கல்பம் பண்ணிக்கோ" என்பாள். டாக்டர் சிரிப்பார். "பெட்ரோல்ல புண்ணியம்!"

அவர் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டு, "இப்போ" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் பாடம். முரட்டு வண்டி அது. வேகம் குறைத்துக் கீழ் கியருக்கு வரக் கிளட்சை ஒரு தடவை மிதித்தால் போதாது. மிதித்து, கியரை நடுவில் விட்டு, காலை எடுத்து, ஆக்ஸிலேட்டரை ஒரு தொடு தொட்டு, மறுபடி மிதித்துத் தள்ள வேண்டும். உள்ளே இரண்டு பல்சக்கரங்களும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் ஒன்றோடு ஒன்று சேரும். இல்லையென்றால் வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி அரைக்கும். முதல் மாதம் அரைத்துக்கொண்டே இருந்தது. "அரிசியா, உளுந்தா?" என்று கேட்டார் டாக்டர்.

பிறகு ஒருநாள், வடக்கு வீதியில், கியர் தானாகவே போய் உட்கார்ந்தது. அவள் தள்ளவே இல்லை என்று தோன்றியது. வண்டியின் கனம் முழுவதும் ஒரு கணம் அவள் உள்ளங்கையில் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து விடிவதற்காகக் காத்திருந்தாள்.

நான்கு மூலையும் வலது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கும் அது தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலை வலமாகவே சுற்றிய அவளுக்கும் தோன்றவில்லை. இன்றைக்குக்கூடப் பாலம் வரை வண்டியைக் கொண்டுவந்தவன் ஜமால்தான்.

புளியமரம் வந்துவிட்டது.

வலது பக்கம் திரும்பும்போது செய்வதையே செய்தாள். சாலையின் நடுவரை போய், அகலமாக வளைத்தாள். இடது பக்கம் அந்த வளைவுக்கு இடம் இல்லை. சந்துக்குள் வண்டி எதிர்ப்பக்கம் போய், வந்துகொண்டிருந்த ஒரு குதிரைவண்டிக்கு நேரே நின்றது. குதிரை முன்னங்காலைத் தூக்கிற்று. வண்டிக்காரன் கீழே குதித்து, "பொம்பளைங்க கையில மோட்டாரக் குடுத்தது எந்த மகராசன்?" என்று கத்தினான். பக்கத்தில் இன்ஸ்பெக்டரின் போலீஸ் தொப்பியைப் பார்த்ததும் அடங்கினான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அவர் நெற்றியிலும் ஒற்றைக் கோடாகத் திருமண் இருந்தது.

"கியர் மாத்தறது என் டிரைவரைவிட நல்லா மாத்தறீங்க. இதுல எப்படிம்மா?"

"இந்தப் பக்கம் திருப்பினதில்லை."

"இந்தச் சந்துலயா?"

"இடது பக்கம்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நாலு மாசம் எங்க ஓட்டினீங்க?"

"கோயிலைச் சுத்தி."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "ரங்கநாதருக்கு ஒரு பக்கம் போதும்மா. சர்க்காருக்கு ரெண்டு பக்கமும் வேணும்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். "அடுத்த மாசம் வாங்க. ஒரு நாள் பழகினாப் போதும், வந்துடும்."

ஒரு நாள். வண்டி நாளைக் காலையில் போய்விடும் என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் தலையாட்டினாள்.

அவர் இறங்கிப் போன பிறகு ஜமால் டாக்டரை அழைத்துவந்தான். அவள் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். தெனம் பாத்துக்கிட்டுத்தானேங்க இருந்தேன்!"

 டாக்டர் கதவைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். கண் தெரியாத அவரிடம்தான் லைசென்ஸ் இருந்தது, இன்னும் இரண்டு வருஷத்துக்குச் செல்லும்.

"பாலம் நேர் ரோடுதானேங்க" என்றான் ஜமால், பின்னால் ஏறிக்கொண்டே. "அது வரைக்கும் அம்மா ஓட்டட்டும்."

கீழே ஆற்றில் ஆடி மாதத்து வெள்ளம் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. எதிரே வண்டி இல்லை. மேல் கியருக்கு வந்ததும் எஞ்சின் குரல் தணிந்தது. காற்று அவள் தலைப்பைத் தூக்கிப் பின்னால் போட்டது. சரிசெய்யக் கை வரவில்லை. இதைவிட நன்றாக இனி ஓட்டப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

பாலத்தின் முடிவு தெரிந்தது. வேகத்தைக் குறைத்தாள்.

"கியரை மாத்தலையா?" என்றார் டாக்டர்.

"மாத்தியாச்சு."

அவர் முகம் ஒரு கணம் அவள் பக்கம் திரும்பிற்று. "எனக்குக் கேக்கலையே" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாலம் முடிந்ததும் நிறுத்தினாள். ஜமால் இறங்கி அவள் கதவருகே வந்து நின்றான். "இனிமே நான் எடுக்கறேங்கம்மா." அவள் நகரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இறங்கு, கோதை. சக்ரபாணி காத்திண்டிருப்பான்."

"கொஞ்சம் இருங்கோ."

பின்னால் வைக்கோல் பாரத்தோடு மாட்டுவண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. "என்ன தாயி, இங்கயே குடியிருக்கப் போறியா?" என்று முதல் வண்டிக்காரன் குரல் கொடுத்தான். அவள் வலது கையை வெளியே நீட்டி, போகலாம் என்று வீசினாள். ஜமால் முன்னால் ஒதுங்க, வண்டி உரசிக்கொண்டு தாண்டியது. மோட்டாரின் மேல் வைக்கோல் உதிர்ந்தது. அடுத்த வண்டிக்கும் வீசினாள். அதற்கு அடுத்ததற்கும். ஜமால் கதவைத் திறக்கவில்லை. கடைசி வண்டியும் போனபிறகு சாலை காலியாகக் கிடந்தது. இல்லாத வண்டிக்கு அவள் கை இன்னும் போகலாம் என்று அசைந்துகொண்டிருந்தது.