முதலில் தொட்டவர்

டீச்சர் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க, குழந்தை பட்டாணியின் கழுத்தில் அப்பியிருந்த பவுடர் கரைந்து கொப்புளங்கள் தெரிந்தன. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகு முழுக்க இருந்தது. காலையில் அவன் அம்மா ஏன் பவுடர் டப்பாவையே கவிழ்த்து அனுப்பினாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"சின்னம்மை" என்றாள் குழந்தைகள் காப்பகத்தை நடத்தும் மேடம், வாசலில் நின்றபடியே. "நீங்க தொட்டுட்டீங்க. அவனைத் தூக்கிட்டு அந்த ரூமுக்குப் போயிடுங்க."

நோய் வந்த பிள்ளையை முதலில் தொட்டவர்தான் கடைசிவரை கூட இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. சளி, கண்வலி, வயிற்றுப்போக்கு என்று இந்த மழைக்காலம் முழுக்க அந்த விதி டீச்சரைத்தான் தேடிப் பிடித்தது. மருந்துத் தண்ணீரில் ஊறி விரல்கள் வெடித்துப்போய், வீட்டில் சோறு பிசையக்கூட ஸ்பூன் தேடுகிறாள்.

இன்றைய பயம் வேறு. அவளுக்கு மூன்று மாதம். சின்ன வயதில் அம்மை வந்ததுமில்லை. ஒருமுறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராது, கர்ப்பிணிகளுக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்று வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை எழுதியதே அவள்தான். மேடத்திடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. போன வருடம் மாசமாக இருப்பதாகச் சொன்ன டீச்சரின் இடத்தில்தான் இவளைச் சேர்த்திருந்தார்கள். புருஷனுக்கு வேலை போனதிலிருந்து வீட்டில் இவள் சம்பளம் ஒன்றுதான்.

அந்த அறையில் பாய்களையும் உடைந்த பொம்மைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். இறக்கிவிட்டால் பட்டாணி வீறிட்டான். தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவன் மூச்சு கன்னத்தில் சுட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்து எவ்வளவுதான் திரும்பும்.

"டீச்சர், என் மேல கோவமா?"

"இல்லடா கண்ணு" என்றாள், திரும்பாமலேயே.

அவன் அம்மாவுக்கு போன் போட்டாள். "தெரிஞ்சேதான் அனுப்புனேன் டீச்சர். இன்னைக்கு லீவு போட்டா இனிமே வர வேணாம்னுட்டாங்க. சாயந்திரம் வரைக்கும் பாத்துக்கங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." திட்டத்தான் கூப்பிட்டாள். "சரிம்மா" என்று போனை வைத்தாள்.

பட்டாணி தும்மினான். டீச்சர் கதவைத் தட்டினாள். கதவிலிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் வந்தாள்.

"மேடம், நான் முழுகாம இருக்கேன். எனக்கு அம்மை வந்ததே இல்ல. வேற யாராவது வந்து இவனை வாங்கிக்கங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள் மேடம், கோபமே இல்லாமல். "சரி, நாளையிலேர்ந்து வீட்டுல ரெஸ்ட் எடுங்க. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்கு நீங்கதானே தொட்டீங்க."

சற்று நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்தது. டீச்சரின் கைப்பை, மருந்துத் தண்ணீரில் துடைத்த ஈரத்தோடு, உள்ளே தள்ளப்பட்டது. பின்னாலேயே செருப்பும் வந்தது. கதவு மூடிக்கொண்டது. பையன் தூங்கிவிட்டானா என்று மேடம் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே, அவள் நெற்றியில், எந்தக் காலத்திலோ வந்துபோன அம்மையின் தழும்புகள் குழிகுழியாகத் தெரிந்தன.