கலீமுல்லாவின் முழங்கால், நாலாவது பிரதி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு போண்டாவால். [முதல் பிரதியில் 'விதியால்' என்று எழுதியிருந்தேன். விதி போண்டா தின்னாது.]

1973, மேற்கு மாம்பலத்தில் ஒரு தேகப்பயிற்சிக் கூடம். கலீமுல்லா இருநூற்று நாற்பது பவுண்டைத் தலைக்கு மேல் தூக்கி நின்றான். நடுவர் 'டவுன்' சொல்கிறவரை பளுவை இறக்கக்கூடாது. இறக்கினால் தூக்கியது செல்லாது. அன்றைய ஒத்திகைக்கு நடுவர், அவன் சிநேகிதனான நான். என் வாயில் போண்டா இருந்தது. சூடான போண்டா. 'டவுன்' வெளியே வருவதற்குள் அவனுடைய வலது முட்டி மடங்கிவிட்டது.

டிசம்பரில் மாநிலப் போட்டி. இருபத்தொன்பது வயதில் அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

2

போன பிரதியில் சந்திரமௌலி என்று ஒருவரை நடுவராக நியமித்து, போண்டாவையும் அவர் வாயிலேயே வைத்திருந்தேன். ஐந்து பக்கம் நன்றாகவே தின்றார். ஆனால் அவருக்குத் தூக்கம் கெடவில்லை. தூக்கம் கெடாத குற்றவாளியை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன்...

[இதை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

3

மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடி அறை. பிசியோதெரபி பார்க்கும் ஆரோக்கியமேரி சிஸ்டர், கலீமுல்லாவின் கணுக்காலில் ஒரு மணல் பையைக் கட்டினார். இரண்டு பவுண்டு.

"இன்னா சிஸ்டர், இது பையா, வெத்தலபாக்குப் பொட்லமா?"

"முதல்ல தூக்குங்க. கிண்டல் அப்புறம்."

தூக்கினான். கால் முழுசாக நீள இன்னும் நாலு விரற்கடை பாக்கி இருந்தது. தொடை உதறியது. அதைப் பார்க்க அவனுக்கே வெட்கமாகப் போய், துண்டை இழுத்து மூடிக்கொண்டான். கைகள் மட்டும், யாரும் சொல்லாமலே, கட்டில் விளிம்பை அகலமாகப் பிடித்திருந்தன. பளுக்கம்பியைப் பிடிக்கிற அதே அகலம். [இந்தக் கைகள் கற்பனை இல்லை. பார்த்தேன்.]

எண்ணுகிற வேலை எனக்கு.

"சார், ஏழுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க" என்றார் சிஸ்டர்.

"இவன் எப்பவுமே லேட்டு சிஸ்டர்" என்று சிரித்தான் கலீமுல்லா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

வாராவாரம் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்: "என்னாலதானே?"

"வுடு நைனா" என்பான். சிஸ்டரிடமும் கேட்டேன். "முட்டிக்குள்ள யார் பேரும் எழுதியில்ல சார்" என்றார்.

பதில் கிடைக்காததால் முடிவுகளை நானே எழுதிக்கொண்டேன்.

(அ) டிசம்பரில் தங்கம். மேடையிலேயே என்னை மன்னிக்கிறான். [அவனுக்குப் பதக்கம், எனக்கு மன்னிப்பு. மலிவான ஏற்பாடு.]

(ஆ) தூக்குவதை விட்டுவிடுகிறான். நான் ஆயுள் முழுக்க உருகுகிறேன். [மூன்று பக்கம் உருகியிருந்தேன். எனக்கே கண் கலங்கியது.]

(இ) நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

5

முதல் இரண்டையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். லேத் பட்டறையில் வேலை முடிந்து வந்தவன், கிண்டி ஸ்டேஷன் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு கேட்டான்.

"நல்லாத்தான் கீது. ஆனா ரெண்டுலயும் நீதான் அழுவுற. முட்டி என்னுது நைனா."

நான் காகிதங்களை மடித்தேன்.

"மூணு மாசமா 'என்னாலதானே, என்னாலதானே'ன்னுகினு கீற. என்னைப் பத்தி ஒண்ணாவது கேட்டியா?"

என்னிடம் வேறு கேள்வியே இல்லை, தேட வேண்டியிருந்தது. நாங்கள் ஏற வேண்டிய பீச் ரயில் வந்து, நின்று, போய்விட்டது.

"திரும்பத் தூக்கணும்னு கீதா?" என்றேன், அவன் பாஷையிலேயே.

கலீமுல்லா தண்டவாளத்தைப் பார்த்தான். முதல் தடவையாகச் சிரிக்காமல் பதில் சொன்னான்.

"கீது நைனா. ரொம்பக் கீது. அதான் நம்ம கூடம் கீற தெரு வழியாவே நான் போறதில்ல."